காற்றைத் தடுக்கும் கூலிங் கிளாஸ்: கம்ப்யூட்டரில் பார்த்து வாங்குவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்களுக்கு ஆன்லைனில் ஏதாவது ஒரு பொருள் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வரும். பைக் வைத்திருப்பவர் என்றால் அந்தப் பொருள் பெரும்பாலும் ஒரு கூலிங் கிளாஸாக இருக்கும். விலை அதிகமில்லை, மாடலின் முகத்தில் பார்க்க நன்றாகவும் இருக்கிறது. பார்சல் வந்ததும் மாட்டிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து திருச்சி ரோட்டில் வல்லம் தாண்டும்போதுதான் விஷயம் புரியும். வெயில் மட்டும்தான் குறைந்திருக்கிறது. காற்று எப்போதும் போல உள்ளே புகுந்து, கண்ணில் நீர் வழிகிறது.

காரணம் எளிது. கண்ணாடியின் கறுப்பு ஒளியைக் குறைக்கும்; காற்றைக் குறைக்காது. காற்றைத் தடுப்பது, பிரேமுக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு சிறியது என்பதுதான். இந்த இடைவெளியைப் பணம் கட்டும் முன்பே மானிட்டரில் ஓரளவு கணித்துவிடலாம்.

முதலில், இதில் இவ்வளவு அக்கறை எதற்கு என்று பார்த்துவிடலாம். ஆடி மாதத்தில் டெல்டாவில் காற்று மேற்கிலிருந்து வீசும். அப்போது திருச்சியை நோக்கி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் என்றால் உங்கள் முகத்தில் மோதுவது 70 கிலோமீட்டர் வேகக் காற்று. தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை மிஷின் வயலில் ஓட, ரோட்டின் ஒரு பாதியில் நெல் காய, பதரும் சுணையும் காற்றில் பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாலை நேரத்தில் ஹெட்லைட்டை நோக்கிப் பச்சைத் தத்துப்பூச்சிகள் கூட்டமாக வரும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி கண்ணை மூடினால் வண்டி ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். எதிரே மணல் லாரி வந்தால் அந்த 14 மீட்டர் போதும்.

கண்ணில் விழும் பதர் சின்ன விஷயமல்ல. 1994ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்று மாத காலத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. அதில் பெரும்பாலானவை விவசாய வேலையில் பட்டவை. நெல், வைக்கோல் போன்ற தாவரத் துணுக்குகள் பூஞ்சைக் கிருமியைக் கண்ணுக்குள் கொண்டுபோய் விடும். எனவே கண்ணில் பதர் பட்டு மறுநாளும் உறுத்தினால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு சொட்டு மருந்து வாங்கிப் போட வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்தால் பூஞ்சைப் புண் மோசமாகும். நேராகக் கண் டாக்டரிடம் போகவும்.

கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, கண் உலர்கிறது. அந்தக் கண்ணோடு வண்டியை எடுத்தால் காற்று இன்னும் எரிச்சலாக இருக்கும்.

படத்தில் எதைப் பார்ப்பது?

ஷாப்பிங் தளத்தில் முன்பக்கப் படம்தான் பெரிதாக இருக்கும். அதை விட்டுவிடுங்கள். மேலிருந்து எடுத்த படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும் கிளிக் செய்திடவும். படம் சிறிதாக இருந்தால் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டினால் பெரிதாகும். மேலிருந்து பார்க்கும்போது பிரேம் நேர்கோடாகத் தெரிந்தால் அது பைக்குக்கு ஆகாது. நன்றாக வளைந்து, ஓரங்கள் காதுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இதற்கு ராப் அரவுண்ட் என்று பெயர். தேடும்போது ஆங்கிலத்தில் இதையே டைப் செய்திடவும். சில தளங்களில் பேஸ் கர்வ் என்று ஓர் எண் தந்திருப்பார்கள். 4 என்றால் ஏறக்குறையத் தட்டை, 8 என்றால் நல்ல வளைவு. பக்கவாட்டுப் படத்தில் கண்ணாடியின் கால் பட்டையாகவும், லென்சின் கீழ் விளிம்பு கன்னத்தை ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். கீழிருந்து வரும் காற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் அதிகம் விரும்பப்படும் ஏவியேட்டர் மாடல் இந்த விஷயத்தில் ஏமாற்றும். 1937ல் ரேபான் பெயரில் விற்பனைக்கு வந்த அந்த வடிவம், விமானிகளின் கண்ணைக் கூசும் ஒளியிலிருந்து காக்க உருவானது. காற்றைத் தடுப்பது அதன் வேலையே இல்லை. மாறாக, 1975ல் மோட்டார் சைக்கிள் கைப்பிடி ரப்பர் விற்று ஆரம்பித்த ஓக்லி நிறுவனம், 1984ல் முகத்தைச் சுற்றி வரும் ஐஷேட்ஸ் என்ற மாடலைக் கொண்டுவந்தது. இன்று விளையாட்டுக் கண்ணாடி என்று விற்கும் பலவும் இந்த வழியில் வந்தவைதான். அசல் பிராண்டு வாங்க வேண்டும் என்பதில்லை, வடிவம்தான் முக்கியம்.

லென்சைச் சுற்றி உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டிய மாடல்களும் கிடைக்கும். காற்றைத் தடுப்பதில் இவற்றை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் நம் புழுக்கத்துக்கு சிக்னலில் நின்றால் உள்ளே ஆவி படியும். ஸ்பாஞ்சில் காற்றுத் துளைகள் உள்ள மாடலாகப் பார்க்கவும்.

அளவு எப்படித் தெரியும்?

பிரேமின் காலில் உள்பக்கம் 62, 15, 125 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். ஒரு லென்சின் அகலம், மூக்குப் பாலம், காலின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். இதோடு பிரேமின் மொத்த அகலத்தையும் பல தளங்கள் தருகின்றன. உங்கள் முக அகலம் தெரிய ஒரு வழி உண்டு. ஏடிஎம் கார்டு அளவில் உள்ள ஏதாவது பழைய கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். (ஏடிஎம் கார்டே வேண்டாம். அதன் எண் தெரியும் போட்டோ கம்ப்யூட்டரில் கிடப்பது நல்லதல்ல.) இந்த அளவுக் கார்டின் அகலம் 85.6 மில்லிமீட்டர். அதை நெற்றிப்பொட்டின் பக்கத்தில் கேமராவைப் பார்த்தபடி பிடித்து, சற்றுத் தள்ளி நின்று போட்டோ எடுக்கவும். படத்தைப் பெயின்ட் புரோகிராமில் திறந்து மவுஸ் கர்சரை நகர்த்தினால் கீழே பிக்ஸல் எண் மாறுவது தெரியும். கார்டின் அகலம் 428 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். அதை 85.6ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 5 பிக்ஸல். முகம் 690 பிக்ஸல் என்றால் 138 மில்லிமீட்டர். பிரேம் இதைவிட அதிக அகலமாக இருந்தால் ஓரங்களில் சந்து விழும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் வரலாம், பரவாயில்லை.

அடுத்து, வாடிக்கையாளர் கருத்துகள். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். அந்தப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல் கீயோடு எஃப் கீயை அழுத்தவும். வரும் சிறிய கட்டத்தில் விண்ட், பாக், ஹெல்மெட் என்ற சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக டைப் செய்திடவும். பைக்கில் போட்டுப் பார்த்தவர்கள் சொன்னது மட்டும் அகப்படும். ஐந்து நட்சத்திரங்களைவிட இது மேல்.

லென்ஸ் பாலிகார்பனேட் என்று இருக்கட்டும். கல் தெறித்தாலும் எளிதில் சிதறாது. கண்ணாடி லென்ஸ் கூடாது. யுவி 400 என்று இருக்க வேண்டும். கறுப்பின் அளவை 0 முதல் 4 வரை வகைப்படுத்தியிருக்கிறார்கள். பகல் வெயிலுக்கு வகை 3 சரி. அது 8 முதல் 18 சதவிகித ஒளியை மட்டுமே விடும். வகை 4 வண்டி ஓட்டவே கூடாதது. பொழுது சாய்ந்த பிறகு வகை 3ம் ஆபத்துதான். ஆகவே நிறமில்லாத இன்னொரு கண்ணாடி வேண்டும். இதற்குப் பட்டறையில் போடும் சேஃப்டி கிளாஸே போதும். ஏஎன்எஸ்ஐ இசட்87.1 என்ற முத்திரை உள்ள ராப் அரவுண்ட் சேஃப்டி கிளாஸ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். தத்துப்பூச்சி சீசனுக்கு இதைவிடப் பொருத்தமான செலவு இல்லை. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள், அதன் மேலேயே மாட்டும் பெரிய வகை இருக்கிறதா என்று தேடவும்.

இவை எல்லாம் ஹெல்மெட்டுக்குப் பதில் அல்ல. முழு முக ஹெல்மெட்டின் வைசர்தான் காற்றில் பெரும்பகுதியைத் தாங்கும். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே தடை. வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டும் நேரத்துக்கும், முகம் திறந்த ஹெல்மெட் போடுபவர்களுக்கும்தான் கண்ணாடி. கால்கள் தடித்திருந்தால் ஹெல்மெட்டுக்குள் காதை அழுத்தும் என்பதையும் கவனிக்கவும்.

பார்சல் வந்ததும் லேபிளைக் கிழிக்க வேண்டாம். போலரைஸ்டு என்று சொல்லி விற்றிருந்தால் நோட்பேடை வெள்ளையாகத் திறந்து வைத்து, எல்சிடி மானிட்டர் முன் கண்ணாடியைப் பிடித்து மெல்லச் சுழற்றவும். ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டு போனால் அது உண்மையான போலரைஸ்டு. நாற்று நடும் சமயம் வயல் தண்ணீரில் பட்டு வரும் கூச்சத்தை இது நன்றாகக் குறைக்கும். ஆனால் புதிய பைக்குகளின் டிஜிட்டல் மீட்டரும் இதே காரணத்தால் இருண்டு தெரியலாம். வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ஹெல்மெட்டோடு கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு முன்னால் ஒரு நிமிடம் உட்காரவும். தலையை இரு பக்கமும், கீழும் திருப்பிப் பார்க்கவும். இமையில் காற்று பட்டால் திருப்பி அனுப்புவதற்கான பட்டனைக் கிளிக் செய்திடவும். அந்தக் கெடு எத்தனை நாள் என்பதை ஆர்டர் செய்வதற்கு முன்பே பார்த்து வைத்திருப்பது நல்லது.