ஆளில்லாத் தீவில் எத்தனை பேர் தங்கலாம்?

லட்சத்தீவில் உள்ள 36 தீவுகளில் மக்கள் நிலையாகக் குடியிருப்பவை 10 மட்டுமே. எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு சுமார் 32 சதுர கிலோமீட்டர்தான். ஆளில்லாத் தீவுகள் என்றாலும் அவை கேட்பாரற்றுக் கிடப்பவை அல்ல. அகத்தித் தீவுக்காரர்கள் பங்காரத்துக்குப் படகில் போய்த் தேங்காய் பறித்து வருவார்கள். கவரத்தி மீனவர்கள் சுஹேலியில் தங்கிச் சூரை பிடித்து, அவித்து, புகையிலும் வெயிலிலும் உலர்த்துவார்கள். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று விலைபோவது இந்தச் சரக்குதான். பழங்குடியினரான தீவுக்காரர்களின் நிலம் வெளியார் கைக்குப் போவதை 1964ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி தடுப்பதால், வெளியூர் முதலாளிக்குப் பெரும்பாலும் அரசுக் குத்தகைதான் வழி.

அப்படித்தான் 1988இல் பங்காரத்தில் கொச்சி ஓட்டல் குழுமம் ஒன்று விடுதி தொடங்கியது. குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் இல்லாத ஓலைக் குடில்கள். அடக்கமான விடுதி என்று அதற்கு நல்ல பெயர் இருந்தது. குத்தகை முடிந்தபின் தகராறு நீதிமன்றம் வரை போய், விடுதி மூடப்பட்டது.

அடக்கம் அங்கே அழகுக்காக மட்டும் அல்ல. பவள மணலுக்கு அடியில் இருப்பது கடல்நீர். அதன்மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டுவது போலத்தான் இங்கும் கிணறு. ஆனால் மோட்டார் வைத்துக் கொஞ்சம் கூடுதலாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். கழிவுநீர் இறங்குவதும் அதே மணலில்தான். பவளப்பாறை நலிந்தால் கரையும் போய்விடும். பங்காரத்தின் பக்கத்துத் திட்டுகளில் ஒன்றான முதலாம் பரளி அரிப்பில் கரைந்தே போயிற்று.

அகத்தியில் ஒரு தனியார் விடுதி தொடர்பான வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திரன் தலைமையில் குழு அமைத்தது. தீவுதோறும் தாங்குதிறனைக் கணக்கிட்டு வகுக்கும் மேலாண்மைத் திட்டங்கள் அந்தக் குழுவின் வழியே வந்தவை. கடற்பறவைகள் முட்டையிடும் பிட்டி மணல்திட்டு 1995இலேயே சரணாலயமாகிவிட்டது. அதைக் காப்பது எளிது. தென்னையும் இல்லை, குடிநீரும் இல்லை. யாருக்கும் அது வேண்டாம்.

சுஹேலி அப்படியல்ல. பச்சை ஆமைகள் முட்டையிடும் அந்தத் தீவில் 110 அறைகள் கொண்ட தாஜ் விடுதி அமைக்கப்போவதாக இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அவற்றில் 50 அறைகள் காயல் நீர்மேல். அறைக்கு இருவர் என்றாலே 220 விருந்தினர், வேலையாட்கள் தனி. குடிநீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கலாம். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2005இலேயே கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் ஆலையை நிறுவிக் காட்டியது. ஆலைக்கு மின்சாரம் வேண்டும். லட்சத்தீவு மின்சாரத்துக்குப் பெரிதும் நம்பியிருப்பதோ கப்பலில் வரும் டீசலை.