ஓடும் எழுத்தில் தொலையும் புள்ளி

பண்டிகைத் தள்ளுபடி வந்துவிட்டால் முத்தாபுதுப்பேட்டை, ஆவடி, அம்பத்தூர் பக்கமெல்லாம் பெரிய டிவி வாங்கும் பேச்சுதான். வாங்கி வந்த பிறகு பல வீடுகளில் ஒரே குறை கேட்கிறது: கடையில் பளிச்சென்று இருந்த படம், வீட்டுக் கேபிளை மாட்டியதும் கலங்கிப்போகிறது, பழைய டிவியே தேவலை. இது பிரமையும் இல்லை, டிவியின் கோளாறும் இல்லை. கடையில் ஓடுவது 4கே திரைக்கென்றே எடுத்த விளம்பரப் படம். வீட்டுக்கு வருவதோ, அடிப்படைக் கட்டணத்தில் கிடைக்கும் பெரும்பாலான சேனல்களில், எஸ்.டி. என்னும் சாதாரணத் தரம்: குறுக்கே 720 புள்ளி, மேலிருந்து கீழே 576 வரி, ஆக மொத்தம் 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் இருப்பவை 82,94,400. திரையில் தெரியும் 20 புள்ளிகளில் ஒன்றுதான் கேபிளில் வந்தது. மற்ற 19-ஐயும் டிவி ஊகித்துப் போடுகிறது. ஆகவே எஸ்.டி. கேபிள் பார்க்கிற வீடு, டிவியில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று கேட்பதைவிட, அதற்கு எவ்வளவு நன்றாக ஊகிக்கத் தெரியும் என்று கேட்பதுதான் உசிதம்.

வரலாறு கொஞ்சம் வேண்டியிருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் தொடங்கியது. 1982-ல் நாட்டுக்கு வண்ண ஒளிபரப்பு வந்தது. அன்றைய வரிக் கணக்குதான் இன்றைய எஸ்.டி. சேனலிலும் நிற்கிறது. 2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுகளுக்கு வந்தது 14 அங்குலப் பெட்டி. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிளை அந்தப் பெட்டியில் பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அதன் படத்தின் உயரம் 21 சென்டிமீட்டர்தான். அதே 576 வரியை 43 அங்குல டிவி 53 சென்டிமீட்டருக்கு இழுக்கிறது.

ஊகம் எங்கே சறுக்குகிறது என்பதுதான் இதில் மிகச் சுவையான இடம். எஸ்.டி. படத்தின் 576 வரிகளும் ஒருசேர வருவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள் 288, நொடியில் 50-ல் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள் 288. வாசலில் அக்காவும் தங்கையும் சேர்ந்து புள்ளிக்கோலம் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, மூன்று, ஐந்தாம் வரிசைகளுக்கு அக்கா புள்ளி வைக்கிறாள். இரண்டு, நான்கு, ஆறுக்குத் தங்கை. கோலத்தில் இருப்பது நின்ற மயில் என்றால் இரண்டு பேர் புள்ளியையும் சேர்த்து இழை இழுத்துவிடலாம், மயில் முழுதாக வந்துவிடும். மயில் ஓடுகிறது என்றால்? அக்கா வைத்த புள்ளியில் அது ஓரிடத்தில் இருக்கும், தங்கை வைப்பதற்குள் நகர்ந்திருக்கும். கிரிக்கெட்டில் ரன் எடுக்க ஓடும் ஆட்டக்காரர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போனால், இரண்டு பாதிகளுக்கு இடையில் 14 சென்டிமீட்டர் தாண்டிவிடுகிறார். அப்படியே இழை இழுத்தால் அவர் உடம்பின் ஓரமெல்லாம் சீப்பின் பல்போல் பிசிறடிக்கும். தங்கையின் வரிசைகளை ஒதுக்கிவிட்டு அக்காவுடையதை வைத்தே இடைவெளியை நிரப்பினால் பிசிறு போகும். கூடவே நுணுக்கத்தில் பாதியும் போய்விடும். நல்ல டிவி கோலத்தை இடம் இடமாகப் பார்க்கிறது. அசையாத மைதானத்தில் இரண்டு பேர் புள்ளியையும் சேர்க்கிறது, ஓடுகிற காலில் மட்டும் ஊகிக்கிறது, சாய்வான எல்லைக் கோட்டில் சாய்வின் போக்கிலேயே நிரப்புகிறது. இவ்வளவையும் அடுத்த பாதி வருவதற்குள் செய்து முடிக்க வேண்டும். சினிமாவில் வேலை எளிது. நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தை நம் தொலைக்காட்சி வழக்கப்படி 25 ஆக ஓட்டும்போது ஒவ்வொரு சட்டகமும் இரண்டு பாதியாகப் பிரிகிறது. மயில் இரண்டு பேருக்கும் அசையாமல் நிற்கிறது. (அப்படி ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது தனிச் சங்கதி.) பழைய படம் தெளிவாகவும் கிரிக்கெட் கலங்கலாகவும் தெரிகிற டிவி, இந்த இடத்தில்தான் தோற்கிறது.

4கே டிவியில் செயற்கை நுண்ணறிவுச் சிப் இருக்கிறதே, அது சரிசெய்துவிடாதா என்பார்கள். விலை உயர்ந்த சில டிவிகளில் ஊகம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அந்தச் சொற்களுக்கு அளவுகோல் கிடையாது. மலிவான டிவியின் பெட்டியிலும் அதையே அச்சிடலாம். மேலும், சேனல் வராத விவரத்தை எந்தச் சிப்பும் மீட்டுத் தராது, பொருத்தமாக ஒன்றைப் படைக்கத்தான் செய்யும். அலைவரிசையைச் சிக்கனப்படுத்த இறுக்கிச் சுருக்கிய சேனலில் சதுரம் சதுரமாகத் திட்டுகள் இருக்கும். அவற்றையும் விவரம் என்று நம்பிக் கூர்மையாக்கிவிடும். எச்.டி. சேனலுக்கு மாறினால் போகிறது என்பது நியாயமான யோசனைதான், வசதி இருந்தால். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து 2019-ல் அமலான கட்டண விதியில் ஓர் எச்.டி. சேனல் இரண்டு எஸ்.டி. சேனலாகக் கணக்கிடப்பட்டது, சேனல் விலையும் கூடுதல். எல்லாச் சேனலுக்கும் எச்.டி. வடிவம் இருப்பதும் இல்லை.

அளவைத் தீர்மானிக்கக் கண்ணின் கணக்கு ஒன்று போதும். ஒரு பாகையின் 60-ல் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியை நல்ல பார்வையுள்ள கண்ணும் பிரித்தறியாது. 576 வரிகள் தனித்தனியாக உறுத்தாமல் இருக்க 32 அங்குல டிவிக்குச் சுமார் 8 அடி, 43-க்கு பத்தரை அடி, 55-க்கு பதின்மூன்றரை அடி தள்ளி உட்கார வேண்டும். பத்தடிக் கூடத்தில் கேபிளையே பெரும்பாலும் பார்ப்பவர்கள் 55 அங்குலம் வாங்குவது, குறையைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குக் காசு கொடுப்பதுதான்.

கடையில் சோதிப்பதற்குத் தமிழே நல்ல கருவி. விளம்பரப் படத்தை நிறுத்தச் சொல்லி, எஸ்.டி. செய்திச் சேனல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அடியில் ஓடும் எழுத்தைப் பாருங்கள். மெய்யெழுத்தின் தலைப்புள்ளி இரண்டு மூன்று வரி உயரம்தான் இருக்கும். மூன்று வரி என்றால் ஒரு பாதியில் இரண்டு வரியாகவும் மறுபாதியில் ஒரே வரியாகவும் வரும். ஊகிக்கத் தெரியாத டிவியில் அது துடிக்கும், சில நேரம் கரைந்தே போய் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ‘மூ’வின் சுழி அடைத்துக்கொள்ளும். தெரிந்த டிவியில் புள்ளி அசையாமல் எழுத்தோடு ஓடும். வீட்டில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை ஒயரை விட்டுவிட்டு எச்.டி.எம்.ஐ. ஒயர் போடுங்கள், ஷார்ப்னஸைக் குறையுங்கள். செட்டாப் பாக்ஸின் மெனுவில் படத்தரத்தை 576i என்று வைத்தால் ஊகிக்கும் வேலை டிவியிடம் போகும், 1080p என்று வைத்தால் பாக்ஸே அதைச் செய்து அனுப்பும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, அதே ஓடும் எழுத்தில் எந்தப் பக்கம் புள்ளி நிலையாக நிற்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.