போன்ல ஒரு மூடி மாட்டினது குத்தமா? அமெரிக்காவின் டெலிபோன் ராஜ்ஜியம் உடைந்த கதை!

உங்க போனுக்குப் பிடிச்ச கலர்ல கவர் போட்டிருப்பீங்க. காதுல இருக்கிற இயர்போன் வேற கம்பெனியா இருக்கும். ''எங்க அனுமதி இல்லாம இதெல்லாம் மாட்டக் கூடாது''ன்னு உங்க சிம் கம்பெனி சொன்னா எப்படி இருக்கும்? சிரிப்பு வருதுல்ல? அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதுதான் ரூல்!

வீட்டில் இருக்கும்... ஆனா உங்களுது இல்ல!

20-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அமெரிக்காவில் போன் என்றாலே பெரும்பாலும் ஏடி&டி நிறுவனம்தான். உள்ளூர் லைன், வெளியூர் கால், போன் தயாரிக்கும் தொழிற்சாலை எல்லாமே அவங்க கையில். வீட்டில் இருக்கும் போன்கூட மாத வாடகைக்குத்தான். 'ஒரே ஊருக்கு நாலு கம்பெனி கம்பி இழுப்பது வீண்' என்பதால் அரசும் இதற்குச் சம்மதித்தது. வெளியூர் காலில் வரும் லாபத்தால், உள்ளூர்க் கட்டணம் குறைவாக இருந்தது. 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்ததும் இவர்களின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில்தான்.

ஆனா, கண்டிப்பு ரொம்ப ஓவர். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் இருக்க, போனின் வாய்ப்பகுதியில் மாட்டும் கிண்ணம் மாதிரியான ஒரு மூடியை 'ஹஷ்-எ-போன்' என்ற சின்ன கம்பெனி விற்றது. அதையும் எதிர்த்தது ஏடி&டி. கோர்ட் வரை போய், 1956-ல் மூடிதான் ஜெயித்தது!

அடுத்து, தாமஸ் கார்ட்டர். வயர்லெஸ் ரேடியோவில் பேசுபவரை போன் லைனோடு இணைக்கும் 'கார்ட்டர்போன்' கருவியை உருவாக்கியவர். 'நெட்வொர்க்குக்குப் பாதிப்பு இல்லையென்றால் வெளியாள் கருவியையும் இணைக்கலாம்' என 1968-ல் தகவல் தொடர்பு ஆணையம் சொன்னது. ஃபேக்ஸ், மோடம் எல்லாம் வீட்டு லைனில் தாராளமாக நுழைய வழிவிட்டது இந்தத் தீர்ப்புதான். மோடம் வழியாகத்தான் பின்னாளில் இன்டர்நெட்டே வீட்டுக்கு வந்தது.

உடைஞ்சது எப்படி?

எம்.சி.ஐ போன்ற கம்பெனிகள் வெளியூர் கால் சேவையில் இறங்கின. ஆனா, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் கடைசிக் கம்பி ஏடி&டி கையில். போட்டியாளரின் வாசல் வழியாத்தான் உங்க கஸ்டமர் வீட்டுக்கே போகணும்னா, எப்படிப் பிழைக்கிறது?

1974-ல் அரசு வழக்குப் போட்டது. 1982 ஜனவரியில் சமரசம். 1984 ஜனவரி 1 அன்று, உள்ளூர் சேவைகள் ஏழு தனிக் கம்பெனிகளாகப் பிரிந்தன. வெளியூர் கால், தொழிற்சாலை, ஆய்வகம் ஏடி&டி-யிடமே இருந்தன.

உடனே எல்லாரும் கொண்டாடினாங்களா? இல்லை. வெளியூர் கால் கட்டணம் இறங்கியது. உள்ளூர் கட்டணம் ஏறியது. ரிப்பேர் என்றால் யாரைக் கூப்பிடுவது என்றே பலர் குழம்பினார்கள்.

மறுபடியும் ஒட்டிக்கிச்சு!

1996-ல் வந்த புதுச் சட்டம் விதிகளைத் தளர்த்தியது. போட்டி கூடும் என எதிர்பார்த்தார்கள். வரிசையாக இணைப்புகளும் நடந்தன. ஏழு பிள்ளைகளில் ஒன்றான எஸ்.பி.சி, 2005-ல் தாய் நிறுவனமான ஏடி&டி-யையே வாங்கி, அம்மா பெயரையே வைத்துக்கொண்டது! இன்று அந்த ஏழில் நான்கு ஏடி&டி-க்குள்; இரண்டு வெரைசானுக்குள்.

அப்போ உடைச்சது வேஸ்ட்டா? கம்பெனிகள் ஒட்டிக்கொண்டாலும், 'எந்தக் கருவியையும் மாட்டலாம்' என்ற உரிமை திரும்பிப் போகவில்லை. கம்பெனிகளின் எண்ணிக்கை கூடும், குறையும். வெளியேறவும் வேறொன்றை இணைக்கவும் நமக்கு இருக்கிற உரிமைதான் நிலைக்கணும்.

நம்ம ஊரில் 2011-ல் நாடு முழுக்க வந்த நம்பர் போர்ட்டிங்கும் அதே வகைதான். ஒரு டஜனுக்கு மேல் இருந்த நம்ம மொபைல் கம்பெனிகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. அடுத்த தடவை ரீசார்ஜ் விலை ஏறும்போது, 'எவ்வளவு ஏறிச்சு'ன்னு மட்டும் பார்க்காதீங்க. 'இதை விட்டா போறதுக்கு இன்னும் எத்தனை கதவு திறந்திருக்கு'ன்னும் பாருங்க!