ஓட்டப் பந்தயத்துக்கு முந்தைய அச்சம்

ஓட்டப் பந்தயத்துக்கு முந்தைய அச்சம் என்பது, ஓடத் தொடங்கும் முன் ஓட்டக்காரருக்கு ஏற்படும் பயமும் அதனுடன் வரும் உடல் மாற்றங்களும் சேர்ந்த நிலையாகும். இதில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. ஓடும்போது வரப்போகும் வலியைப் பற்றியது ஒன்று. தோற்றால் பிறர் முன்னால் தன் நிலை என்ன ஆகும் என்பது மற்றொன்று. பள்ளி விளையாட்டு விழாவில் ஓடும் ஆறாம் வகுப்பு மாணவிக்கும் ஒலிம்பிக்கில் ஓடும் வீரருக்கும் இந்த அச்சம் பொதுவானது. அளவில்தான் வேறுபாடு.

தமிழ்நாட்டில் இந்த அச்சத்தை மிகுதியாக அனுபவிப்பவர்கள் பதக்கத்துக்காக ஓடுபவர்கள் அல்லர், வேலைக்காக ஓடுபவர்களே. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், எழுத்துத் தேர்வில் தேறிய ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இதைத் தாண்டாதவர் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களின் இளைஞர்களில் பலர் சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே இத்தகைய தேர்வுகளுக்குத் தயாராகிறார்கள். மாதக்கணக்கில் படித்த படிப்பின் பலன் ஏழு நிமிடங்களில் முடிவாகிவிடும் என்பதால் அந்தப் பயம் சாதாரணமானதன்று.

உடலில் நிகழ்வது

ஆபத்து வருகிறது என்று மூளை கருதியவுடன் சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயத்துடிப்பு கூடுகிறது. செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குச் செல்வது மிகுகிறது. இதனால்தான் வயிற்றைக் கலக்குவது, வாய் உலர்வது, கை சில்லிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஆகியவை நேர்கின்றன. கோட்டில் நிற்கும் மாணவர் இவற்றை ‘எனக்கு உடம்பு சரியில்லை, இன்று என்னால் ஓட முடியாது’ என்று பொருள்கொண்டு விடுகிறார். உண்மையில் உடல் ஓட்டத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது.

பதற்றம் முற்றிலும் இல்லாமல் இருப்பதும் நல்லதல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் யெர்க்ஸ், டாட்சன் ஆகியோர் 1908-இல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து ஒன்று உண்டு: தூண்டுதல் ஓரளவு வரை செயல்திறனைக் கூட்டும், அளவு மீறினால் குறைக்கும். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். எனவே ‘பயப்படாதே’ என்று பயிற்சியாளர் அதட்டுவதால் பயன் எதுவும் இல்லை. பயப்படுவது தவறு என்ற இன்னொரு பயத்தையே அது சேர்க்கிறது.

வலியைப் பற்றிய பயம்

நடுத்தர தூர ஓட்டம் வலிக்கும். இதை மறைப்பதால் பயன் இல்லை. வேகமாக ஓடும்போது தசைகளில் ஹைட்ரஜன் அயனிகள் சேர்வது உள்ளிட்ட வேதி மாற்றங்களால் தொடையில் எரிச்சலும் கால் கனப்பதும் உண்டாகின்றன. இதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. இன்றைய உடலியலோ லாக்டேட்டை உடல் எரிபொருளாகவும் பயன்படுத்துகிறது என்கிறது. ஓட்டம் நின்றபின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வரும் கால்வலி பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவால் வருவது, அது வேறு.

மூச்சு வாங்குவதும் தொடை எரிவதும் உடல் உடைந்துபோவதன் அறிகுறிகள் அல்ல. தென்னாப்பிரிக்க உடலியலாளர் டிம் நோக்ஸ், உடலைக் காப்பதற்காக மூளை முன்னெச்சரிக்கையாகவே களைப்பு உணர்வை எழுப்புகிறது என்ற கொள்கையை முன்வைத்தார். இதை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. என்றாலும், தள்ளாடி வந்தவர் முடிவுக் கோட்டைக் கண்டதும் வேகமெடுப்பதை எந்தப் பள்ளி மைதானத்திலும் பார்க்கலாம். ‘இனி முடியாது’ என்று தோன்றிய பிறகும் உடலில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது.

சாமுவேல் மார்கோரா என்பவரின் குழு வேல்ஸில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். 90 நிமிடங்கள் கணினி முன் கவனம் சிதறாமல் வேலை செய்துவிட்டு உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தவர்கள், அதே நேரத்தில் ஆவணப்படம் பார்த்துவிட்டு வந்த நாளைவிட விரைவில் மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசையும் அவர்களைக் கைவிடவில்லை. அதே உழைப்பு அதிகக் கடினமாகத் தோன்றியதுதான் காரணம். இரவு ஷிப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வருபவர், விடிய விடிய கைபேசி பார்த்தவர் ஆகியோருக்கு ஓட்டம் கூடுதலாக வலிப்பதை இதைக்கொண்டு புரிந்துகொள்ளலாம்.

ஏழு நிமிடக் கணக்கு

பயம் செய்யும் மிகப் பெரிய கெடுதல் முதல் சுற்றில்தான் நிகழ்கிறது. விசில் ஊதியதும் கூட்டத்தோடு சேர்ந்து முழு வேகத்தில் பாய்வதே பலரின் வழக்கம். முதல் சில விநாடிகளுக்குத் தேவையான ஆற்றல் தசையிலேயே சேமிப்பில் இருப்பதால் அந்த வேகம் எளிதாகத் தோன்றும். அதன் விலையை மூன்றாம் சுற்றில் கொடுக்க வேண்டியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். 1500 மீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 420 விநாடிகள். 100 மீட்டருக்கு 28 விநாடிகள். 400 மீட்டர் தடத்தில் இது மூன்றே முக்கால் சுற்று. முதல் 300 மீட்டரை 84 விநாடிகளிலும், பின்னர் ஒவ்வொரு முழுச் சுற்றையும் 112 விநாடிகளிலும் ஓடினால் சரியாக 7 நிமிடம் ஆகும். 200 மீட்டர் தடம் மட்டுமே உள்ள பள்ளி மைதானத்தில் ஏழரைச் சுற்று, சுற்றுக்கு 56 விநாடிகள். தேர்வு நாளில் சற்று இடம் இருக்கட்டும் என்று 53 அல்லது 54 விநாடிகளுக்குப் பழகுவது நல்லது. பெண்களுக்கான 400 மீட்டருக்கு 100 மீட்டருக்கு முப்பத்தேழரை விநாடி போதும். வேகமாக ஓடுவதைவிடப் பதறாமல் ஓடுவதே அதில் தேவை.

இந்த வேகத்தைக் கால் அறியும்வரை ஓடிப் பழக வேண்டும். வாரத்தில் ஒருநாள், ஒரு சுற்றைக் குறித்த விநாடியில் ஓடி, சிறிது ஓய்வெடுத்து, மீண்டும் ஓடுவது என ஆறேழு முறை செய்யலாம். மூன்றாம் சுற்றின் எரிச்சலைப் பயிற்சியிலேயே பலமுறை சந்தித்தவருக்குத் தேர்வு நாளில் அது புதியதாக இருக்காது. லாரிகள் ஓயாத ஜனப்பன்சத்திரம் – ஊத்துக்கோட்டை சாலையில் இருட்டில் ஓடுவதைவிட, சிறியதானாலும் ஒரு மைதானத்தில் ஓடுவது பாதுகாப்பானது, சுற்றுக்கணக்கும் பிசகாது.

தோல்வியைப் பற்றிய பயம்

வலியைக் கணக்கால் ஓரளவு கட்டலாம். தோல்விப் பயம் அவ்வளவு எளிதன்று. ‘அவன் பையன் பாஸாகிவிட்டான், நீ?’ என்ற கேள்வி வீட்டில் காத்திருக்கிறது. ஓடுபவரின் கவனம் தன் காலிலும் மூச்சிலும் இல்லாமல் அந்தக் கேள்வியில் நின்றுவிடுகிறது. பக்கத்தில் ஓடுபவரைத் திரும்பிப் பார்ப்பதும் இதன் வடிவமே. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதியில் நான்காவதாக வந்த மில்கா சிங், இடையில் வேகத்தைக் குறைத்ததையும் பிறரைக் கவனித்ததையும் பின்னாளில் வருந்திச் சொல்லியிருக்கிறார்.

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடிகளில் முடித்து, நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அவர் ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். அதே ஜகார்த்தாவில் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் 10,000 மீட்டரில் புதுக்கோட்டை மாவட்டத்து கோ. இலட்சுமணன் மூன்றாவதாக வந்தார். ஆனால் ஓடும்போது தடத்தின் உட்கோட்டுக்கு அப்பால் கால் வைத்ததற்காகத் தகுதி நீக்கப்பட்டு வெண்கலத்தை இழந்தார். அதற்கு முந்தைய ஆண்டு புவனேசுவரத்தில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் ஆசியத் தங்கம் வென்றவர் அவர்.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். தொடக்கத்தில் காலணி இல்லாமல் ஓடியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் ஓடிய இந்திய அணியில் அவரோடு சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் என மூவர் தமிழர். அந்த அணி தன் தகுதிச் சுற்றில் கடைசியாக வந்தது. முடிவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது எட்டாமிடம். சக்கிமங்கலத்திலிருந்து பார்த்தால் வேறு.

பதற்றத்தைக் கையாளுதல்

ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்பை அடக்குவதைவிடப் பெயர் மாற்றுவது எளிது என்பது இதன் விளக்கம். ஆய்வு ஓட்டக்காரர்களிடம் நடத்தப்பட்டதன்று; முயன்று பார்ப்பதில் நட்டமும் இல்லை. அதே ஆண்டு வெளிவந்த வேறோர் ஆய்வில், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஊக்கச் சொற்களைத் தேர்ந்து பழகியவர்கள் சைக்கிளை முன்பைவிட 18 விழுக்காடு கூடுதல் நேரம் மிதித்தார்கள். சொற்கள் சிறியனவாகவும் சொந்தமானவையாகவும் இருக்க வேண்டும். ‘இந்த வளைவு வரைக்கும்’ என்பது போன்ற ஒன்று போதும்.

முன்கூட்டியே ‘இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்’ என்று முடிவு செய்துகொள்வதும் உதவும். விலாவில் குத்து எடுத்தால் வேகத்தைச் சற்றுக் குறைத்து மூச்சை நீளமாக விட வேண்டும். யாராவது இடித்தால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். முன்னால் போகிறவர் தூரமாகிவிட்டால் தன் விநாடிக் கணக்கை நினைக்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே யோசிக்க மூளைக்கு நேரம் கிடைக்காது.

தொடங்கும் முன் நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விடுவதைச் சில முறை செய்தால் துடிப்பு தணியும். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் உடலைச் சூடேற்றுவது, ஒரே மாதிரி காலணி நாடாவைக் கட்டுவது ஆகியவையும் மனத்தை நிலைப்படுத்தும். பெரியபாளையம் பவானி அம்மனை வேண்டிக்கொண்டு கையில் கயிறு கட்டிக்கொண்டு ஓட வருபவரைக் கேலி செய்வதற்கு ஒன்றும் இல்லை. பழகிய சடங்கு பதற்றத்தைக் குறைக்கிறது. சுற்றுக்கு 112 விநாடி ஓடிப் பழகியிருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது.

முந்தைய இரவு தூக்கம் வராவிட்டால் அதை எண்ணிக் கலங்க வேண்டாம். அதற்கு முந்தைய நாள்களில் நன்றாகத் தூங்கியிருந்தால் ஓர் இரவு குறைவதால் ஓட்டம் பெரிதும் கெடுவதில்லை. ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இட்லி, வாழைப்பழம் போன்ற பழகிய எளிய உணவை முடித்துவிட வேண்டும். நண்பர் தரும் மாத்திரையையும் ஊசியையும் தொடவே கூடாது.

நிறுத்த வேண்டிய வலி

எல்லா வலியையும் பொறுத்துக்கொள்வது வீரம் அன்று. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், கண் இருட்டுதல், வெயிலில் வியர்வை நின்று குழப்பம் உண்டாதல் ஆகியவை தோன்றினால் உடனே நின்று உதவி கேட்க வேண்டும். மூட்டிலோ எலும்பிலோ ஒரே இடத்தில் ஊசி குத்துவது போன்ற வலி, நடக்கும்போதும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு தொடையிலும் ஒரேபோல் வரும் எரிச்சல், நின்ற சில நிமிடங்களில் தணிந்தால் அது உழைப்பின் வலி. தேர்வில் நின்றுவிட்டவர், வயது வரம்புக்குள் இருக்கும்வரை, அடுத்த அறிவிப்பு வரும்போது மீண்டும் விண்ணப்பிக்கலாம்.