ஓர் இசைத்தொகுப்புக்கு எத்தனை பாடல் போதும்?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ஒரு காலத்தில் ஒலிநாடா, குறுந்தட்டுக் கடைகளின் பாட்டுச் சத்தம் ஓயாது. அங்கே உள்ளூர்க் கலைஞரின் தொகுப்பைக் கையில் எடுக்கும் ரசிகர் பின் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். பாடல்கள் பத்துக்குக் குறைவென்றால், கொடுக்கிற வெள்ளிக்குக் கட்டுமா என்று யோசிப்பார். பதினான்கு என்றால் மனம் நிறைந்துவிடும். வாங்கிப் போனவர்களில் அந்தப் பதினான்கையும் முழுமையாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

இந்த எண்ணிக்கையை ரசிகரும் தீர்மானிக்கவில்லை, கலைஞரும் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது கருவிதான். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அப்படிப்பட்ட பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போன்ற அட்டைக்குள் அடுக்கி விற்றதால்தான் 'ஆல்பம்' என்ற பெயரே வந்தது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. இரு பக்கமும் சேர்த்து 40, 45 நிமிடம். மேல்நாட்டவருக்கு அதுவே அளவாகிவிட்டது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் 74 நிமிடம் இடம் கிடைத்தது. இடம் இருக்கிறதே என்று அதை நிரப்பத் தொடங்கினார்கள்.

தமிழ்க் காது வேறு பள்ளியில் படித்தது. படத்துக்கு ஐந்தாறு பாடல், மொத்தம் ஏறக்குறைய அரை மணி நேரம். ஒலிநாடாவின் ஒரு பக்கத்தில் ஒரு படம், மறுபக்கத்தில் இன்னொரு படம் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்த ஐந்து பாடல்களுக்கும் நடிகர் உண்டு, காட்சி உண்டு. சுமாரான பாட்டையும் அவை தூக்கிவிடும்.

உள்ளூர்க் கலைஞருக்கு அந்தத் துணை இல்லை. ஒவ்வொரு பாடலும் தன் காலில் நிற்க வேண்டும். வானொலியில் ஒன்றிரண்டு ஒலித்தால் பெரிது. 2006-இல் வந்த யோகி பி – நட்சத்ராவின் 'வல்லவன்' தொகுப்பைக் கடல் கடந்து கொண்டு போனது, 1980-இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலைத் தழுவிய 'மடை திறந்து' என்ற ஒரே பாடல்தான். பணமும் யோசிக்க வேண்டிய விஷயம். கையில் இருக்கும் தொகையை எட்டுப் பாடலுக்குச் செலவிட்டால் ஒலிப்பதிவும் கலவையும் செம்மையாக வரும். பதினான்குக்குப் பிரித்தால் குழம்பில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

இணையம் வந்ததும் கணக்கு மாறியது. 2013-இல் மலேசியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, ஒரு பாடலை 30 விநாடி கேட்டாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கிடுகிறது. பாட்டு அதிகமானால் எண்ணிக்கையும் கூடும். 2018 ஜூனில் டிரேக் 25 பாடல்களோடு ஒன்றரை மணி நேரத் தொகுப்பை வெளியிட்டார். அதே மாதம் கான்யே வெஸ்ட் ஏழே பாடல்களோடு நிறுத்திக்கொண்டார். 24 நிமிடம்கூட இல்லை. புகழ் பெற்றவர்கள் எப்படியும் செய்யலாம். நம் இளைஞர்கள் பலர் தொகுப்பே வேண்டாம் என்று ஒவ்வொரு பாடலாக யூடியூப்பில் ஏற்றுகிறார்கள். செலவு குறைவு, உண்மைதான். ஆனால் தனிப்பாடல் என்றால் நிச்சயம் பிடிக்கும் என்று தோன்றுவதைத்தான் வெளியிடுவார்கள். வானொலி ஒலிபரப்பாத, மெதுவான, துணிந்து எழுதிய பாட்டுக்கு இருந்த ஒரே வீடு தொகுப்புதான். ஓடட்டும் என்று விட்டவர் காதில் அது தற்செயலாக விழும். பிறகு அதுவே அவருக்குப் பிடித்த பாட்டாகிவிடும்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலுக்கு கொமுட்டர் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். எட்டுப் பாடல், 35 நிமிடம் என்றால், இறங்குவதற்குள் முழுத் தொகுப்பையும் கேட்டு, பிடித்த இரண்டை மறுபடியும் கேட்கலாம். அந்தத் துணிச்சலான பாட்டை மூன்றாவதாக வைக்கலாம். பதினோராவதாக வைத்தால் சுபாங் ஜெயா வரும்போதே ரசிகர் வேறு பாட்டுக்குத் தாவியிருப்பார்.