குழாயில் நீர் மெலிவது ஏன்?

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேடு ஏலமலைப் பகுதியிலுள்ள ஊராகும். இத்தகைய மலைச்சரிவுகளில், மேட்டுத் தொட்டியிலிருந்து ஒரே குழாய் வழியாகப் பல வீடுகளுக்கு நீர் இறக்கலாம்; பம்பு வேண்டுவதில்லை. ஆயினும் கீழ்வீட்டார் குழாயைத் திறந்தவுடன் மேல்வீட்டில் நீர் நூலாக மெலிவதுண்டு. அதனால் பூசலும் விளையும். இதற்குக் காரணம் பெரும்பாலும் அயலாரின் பேராசையன்று. குழாயின் குறுகலே ஆகும்.

நீரின் அழுத்தம் தொட்டியின் பருமனைப் பொறுத்ததன்று. நீர்மட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் தரும். நீர் ஓடத் தொடங்கியதும் உராய்வு இதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஓட்டம் மிகுந்தால் இழப்பும் மிகும். நீண்ட குழாயின் உள்விட்டம் துருவினால் பாதியாகக் குறைந்தால், வரும் நீர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும்.

இதனைச் சோதிக்க வாளியும் கடிகாரமும் போதும். கீழ்க்குழாய்களை மூடியும், பின்பு திறந்தும், மேல்வீட்டில் வாளி நிறையும் நேரத்தைக் குறித்துக்கொள்க. திறந்தபோது மட்டும் நேரம் மிக நீண்டால், பொதுக்குழாய் குறுகியதாகும். இருமுறையும் நீர் மெலிந்தே வந்தால், உயரம் போதாது. அல்லது வழியில் அடைப்பு உளது.

முதலில் தொட்டிவாய் வலையில் அடைத்த இலையையும் சேற்றையும் நீக்குக. குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் தங்கிய காற்றை வெளியேற்றுக. துருவேறிய பகுதியை மாற்றுகையில் பொதுக்குழாயை அகலமானதாக இடுதல் நன்று. அதுவரை கீழ்வீட்டுக் கிளைக்குழாயின் வால்வைச் சற்றே அடைத்து வைத்தால், மேல்வீட்டாருக்கும் உரிய பங்கு கிட்டும்.