டிராக்டர் டயரும் கம்பெனியாரின் உத்தரவாதச் சீட்டும்

நமது ஜில்லாவில் உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டது. மாடு வாங்கப் போகும் குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், நாலு பேரை விசாரிப்பார். அதே குடியானவர் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி பின் டயர் வாங்கும்போது, அதன் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. கடைக்காரர் கொடுக்கும் உத்தரவாதச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, சட்டையோடு வெளுக்கப் போட்டுவிடுகிறார். இதனால் விளையும் நஷ்டத்தை நேரில் பலமுறை கண்டிருப்பதால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதலாயிற்று.

சில வருஷங்களுக்கு முன் பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் ஒரு கிராமத்துக்கு ராகி விதை சம்பந்தமாகப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரிய குடியானவர் தம் களத்து மேட்டில் கிடந்த டயரைக் காட்டி, "ஐயா, அஞ்சு வருஷம் உத்தரவாதம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பதினோரு மாஸத்தில் பக்கம் கிழிந்துவிட்டது. கம்பெனி ஆள் வந்து பார்த்து, இது எங்கள் குற்றமில்லை என்று தள்ளிவிட்டார். இது நியாயந்தானா, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். டயரைப் புரட்டி உட்புறத்தைப் பார்த்தேன். பக்கச்சுவரின் உள்ளே, சுற்றிலும் வளையமாக, மடிந்து மடிந்து கன்றிய கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. அக்கோட்டின் வழியே நூலிழைகள் அறுந்து பஞ்சாய் நின்றன. உள்ளே டியூப் உராய்ந்த ரப்பர் தூள் கிடந்தது. காற்றுக் குறைவாக வைத்துப் பாரம் ஏற்றி ரஸ்தாவில் ஓட்டினாலன்றி இத்தகைய வளையம் விழாது. அவரிடம் காற்று அளக்கும் கேஜ் இல்லை. காலால் உதைத்துப் பார்த்தே காற்று வைத்து வந்தார். பாரம் ஏற்றியது கரும்பு ஆலைக்கு. நியாயம் எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உத்தரவாதம் என்பது என்னவென்று முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து வருஷ உத்தரவாதம் என்றால் டயர் ஐந்து வருஷம் உழைக்கும் என்று அர்த்தமல்ல. தயாரிப்பிலோ உபயோகித்த சரக்கிலோ குற்றம் இருந்து, அக்குற்றத்தால் டயர் கெட்டது என்று ஏற்பட்டால், அக்காலத்துக்குள் கொண்டுவந்தால் கேட்போம் என்பதே அதன் பொருள். ஆணி, முள், கல் ஆகியவற்றால் ஏற்பட்ட வெட்டு, காற்றின்றி ஓட்டியது, அளவுக்கு மேல் அல்லது குறைவாகக் காற்று வைத்தது, அதிக பாரம், சக்கரம் நேராக இல்லாமையால் ஒருபக்கம் தேய்ந்தது, விபத்து, எண்ணெய்யும் ரசாயனமும் பட்டுக் கெட்டது, தவறான ரிம்மில் மாட்டியது இவையெல்லாம் சாதாரணமாக உத்தரவாதத்துக்குப் புறம்பானவை. சில கம்பெனியார் சில வகை டயர்களுக்கு இதைவிடத் தாராளமான ஷரத்துகளும் கொடுப்பதுண்டு. கம்பெனிக்குக் கம்பெனி, டயருக்கு டயர் ஷரத்து மாறும். ஆகையால் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல், சீட்டில் அச்சிட்டிருப்பதையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். காலக்கெடுவை வாங்கிய தேதியிலிருந்து எண்ணுகிறார்களா, தயாரித்த தேதியிலிருந்து எண்ணுகிறார்களா என்பதையும் அதில் பார்த்துக்கொள்க.

குற்றம் கம்பெனியாருடையதே என்று ஒப்புக்கொண்டாலும் புது டயர் இனாமாக வந்துவிடாது. தேய்ந்த பங்குக்கு உபயோகித்தவர் பணம் கட்ட வேண்டும் என்பதே பெரும்பாலும் வழக்கம். டயரின் மேற்புறத்துப் புடைப்புகளை நம் ஊர்களில் பட்டன் என்பார்கள். கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்லுகிறேன். புதிதில் பட்டன் உயரம் 36 மில்லிமீட்டர். கெட்டபோது மீதியிருந்தது 27 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு தேய்ந்தது. முக்கால் பங்கு பாக்கி. புது டயரின் விலை 24,000 ரூபாயானால், 18,000 ரூபாய் தள்ளுபடியாகும். 6,000 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டும். இதை அறியாமல், புது டயருக்கும் பணம் கேட்கிறார்களே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர் உண்டு. பட்டன் முழுதும் தேய்ந்த பின் எவ்வளவு பெரிய தயாரிப்புக் குற்றம் தெரிந்தாலும் பிரயோஜனமில்லை. குற்றம் கண்ட அன்றே கொண்டுபோக வேண்டும்.

டயரைப் பரிசோதிக்க வரும் கம்பெனி ஆள் நம் வார்த்தையைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை. டயரைப் பார்த்தே தீர்மானிக்கிறார். அவர் பார்ப்பதை நாமும் பார்க்கப் பழகலாம். பட்டனின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்; இரு ஓரமும் தேய்ந்து நடுவில் உயரமிருந்தால் காற்றுக் குறைவு. உள்ளே நட்சத்திரம் போலவோ பெருக்கல் குறி போலவோ இழைகள் வெடித்திருந்தால் கல்லிலோ பள்ளத்திலோ வேகமாக மோதியிருக்கிறது. பென்னாகரம், நல்லம்பள்ளிப் பக்கத்துச் சரளை நிலங்களிலும் கற்பாறை எழுந்த வண்டிப் பாதைகளிலும் இதை அடிக்கடி காணலாம். இவ்வித அடையாளம் ஒன்றுமின்றி, வெளியே காயமும் இன்றி, ரப்பர் அடுக்கடுக்காகப் பிரிந்து கொப்புளித்தாலும், இணைப்பு வாய் திறந்தாலும், ரிம்மில் உட்காரும் விளிம்பிலிருந்து எஃகுக் கம்பி துருத்திக்கொண்டு வந்தாலும் கம்பெனியாரைத் தாராளமாகக் கேட்கலாம்.

ஆக, டயரின் ஆயுளும் உத்தரவாதத்தின் பலனும் காற்றிலேயே அடங்கியிருக்கின்றன. காற்றடைத்த டயர் ஒரு மிருக வைத்தியரின் யோசனை என்பதைப் பலர் அறியார். பெல்பாஸ்ட் நகரில் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்துவந்த டன்லப் என்பவர், தம் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதைச் செய்து 1888-ஆம் வருஷத்தில் பேடண்டு பெற்றார். ஆனால் டிராக்டர்கள் அதன் பின்னும் நெடுங்காலம் இரும்புச் சக்கரத்தோடுதான் இருந்தன. 1932-இல் அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் விமானத்து டயர்களில் குறைந்த காற்று வைத்து ஒரு டிராக்டருக்கு மாட்டிப் பார்த்த பிறகே நிலைமை மாறிற்று. குறைந்த காற்றில் டயர் அகலமாகப் படிந்து மண்ணைப் பிடிக்கிறது என்பதே அதன் சூட்சுமம். அதே குறைந்த காற்று ரஸ்தாவில் டயரைக் கொல்லும் என்பதுதான் நம் கஷ்டம்.

சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்று காற்றை அளப்பது வழக்கம். கடைகளில் பவுண்டு என்கிறார்கள். நம் பக்கத்து டிராக்டர்களில் வயல் வேலைக்குப் பின் டயருக்கு ஏறக்குறைய 12 முதல் 16 ராத்தல் வரையிலும், முன் டயருக்கு 24 முதல் 36 ராத்தல் வரையிலும் சொல்லப்படுகிறது. பாரம் இழுத்து ரஸ்தாவில் போகும்போது பின் டயருக்கு இன்னும் சில ராத்தல் கூட்ட வேண்டும். டிரெய்லர் டயருக்கு இதைவிட மிக அதிகம். சரியான கணக்கு டயரின் அளவையும் பாரத்தையும் பொறுத்தது. டிராக்டருடன் வரும் புஸ்தகத்திலோ டயர் கம்பெனியார் அட்டவணையிலோ இருக்கும். அதை ஒரு தகட்டில் எழுதி மட்கார்டில் ஒட்டிவிடுவது நலம், ஏனெனில் ஓட்டுகிறவர் அநேகமாக வாங்கியவர் அல்லர்.

காற்றை ஓட்டத்துக்கு முன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடிக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது பெருந்தவறு. வாரம் ஒருமுறையாவது பார்த்தல் வேண்டும். கேஜ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்க. ஒரு சமயம் ஒரே டயரை மூன்று பஞ்சர் கடைகளில் அளக்கச் செய்தேன். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 6 ராத்தல் வித்தியாசம் வந்தது. பின் டயருக்கு வேண்டியதே 14 ராத்தலாயிருக்க, 6 ராத்தல் பிசகு எவ்வளவு என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். வால்வு மூடி சிறு பொருளானாலும் தொலைக்காதீர்கள். சேறும் மண்ணும் வால்வில் புகுந்தால் காற்று மெள்ளக் கசியும், வெளியே தெரியாது.

வயலில் சக்கரம் வழுக்கிச் சுற்றுவதும் பட்டனைத் தின்றுவிடும். நூற்றுக்கு 10 முதல் 15 வரை வழுக்கல் இருப்பது இயற்கை. அதற்கு மேற்பட்டால் கலப்பையின் ஆழத்தைக் குறைப்பது, சக்கரத்துக்கு இரும்பு எடை போடுவது, அல்லது டயரில் தண்ணீர் நிரப்புவது வழி. தண்ணீர் நிரப்புகையில் வால்வை உச்சியில் நிறுத்தி, வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் பாகத்துக்கு நிரப்பி மீதியைக் காற்றால் நிரப்ப வேண்டும். ரஸ்தா வேலையே அதிகமானால் எடையையும் தண்ணீரையும் எடுத்துவிடலாம். பக்கச்சுவரில் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டு. பஞ்சர் ஒட்டி மாட்டும்போது திருப்பிப் போட்டுவிட்டால் சேற்றில் பட்டன் மண்ணை உதறாமல் அப்பிக்கொள்ளும்.

ரஸ்தா விஷயத்தில் நம் ஜில்லாவுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். பாலக்கோடு ஆலைக்கும் கோபாலபுரம் ஆலைக்கும் கரும்பு போகும் பருவத்தில், டிராக்டர்கள் டிரெய்லரில் மலைபோல் ஏற்றிக்கொண்டு பெரிய ரஸ்தாக்களில் லாரிகளோடு போட்டியிடுகின்றன. டயரில் 13.6-28 என்றிருந்தால், 13.6 அங்குல அகலம், 28 அங்குல ரிம் என்று பொருள். அருகே ஏ6 என்றிருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கும், ஏ8 என்றிருந்தால் 40 கிலோமீட்டருக்கும் மேல் அந்த டயர் தன் முழுப் பாரத்தைத் தாங்கி ஓடுவதற்கு ஏற்பட்டதல்ல. தொப்பூர்க் கணவாயின் இறக்கம் விபத்துக்குப் பேர்போனது. லாரியிலிருந்து கழித்த தேய்ந்த டயர்களை மாட்டிய டிரெய்லரை அங்கே இறக்குவது தற்கொலைக்குச் சமம். லாரி, வேன் முதலியவற்றுக்குப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று மோட்டார் விதி இருக்கிறது. அவ்விதிக்குத் தப்பி வந்த டயர்தான் நம் டிரெய்லருக்கு வந்து சேருகிறது.

காற்று அடிக்கும்போது நேரும் அபாயத்தைக் குறித்தும் அவசியம் சொல்ல வேண்டும். டயரின் விளிம்பு ரிம்மில் உட்காராவிட்டால், உட்காரும் வரை அடி என்று நிற்பது வழக்கமாயிருக்கிறது. விவசாய டயரில் விளிம்பை உட்கார வைக்க 35 ராத்தலுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் உட்காராவிட்டால் காற்றை இறக்கி, விளிம்புக்குச் சோப்பு நீர் தடவி, மறுபடி தொடங்க வேண்டும். விளிம்புக் கம்பி அறுந்தால் டயர் வெடிகுண்டுபோல் எழும். டிரெய்லர், லாரிச் சக்கரங்களில் உள்ள பூட்டு வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. நீண்ட ரப்பர் குழாய் வைத்து, சக்கரத்துக்கு எதிரே நில்லாமல் ஒதுங்கி நின்று அடிக்க வேண்டும். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். காற்றை இறக்கிவிட்டாலும் போதாது. சூட்டில் ரப்பரிலிருந்து எழும் வாயு உள்ளே தீப்பற்றி வெடிக்கும். டயரைக் கழற்றிய பிறகே வெல்டிங்.

வேலையில்லாத மாஸங்களில் வண்டியை நிழலில் நிறுத்தி, கட்டை கொடுத்துச் சக்கரத்தின் பாரத்தைத் தணித்தல் நன்று. டீசலும் கிரீஸும் ரப்பரை ஊறச் செய்யும். பம்பு செட் மோட்டார் ஓடும் அறையில் டயரை அடுக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டாரின் தீப்பொறியால் உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரை வெடிக்கச் செய்யுமாதலால் அது தகாது. 1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானபோது ரப்பருக்கு ஏற்பட்ட பஞ்சத்தில் ஒவ்வொரு டயரையும் பொன்போல் காத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது சரக்குக்குக் குறைவில்லை. காக்கும் பழக்கந்தான் போயிற்று.

இனி வாங்கும் சமயம். பக்கச்சுவரில் சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1424 என்றிருந்தால் 2024-ஆம் வருஷத்தின் 14-ஆவது வாரத்தில் செய்தது. கடையில் நெடுநாள் கிடந்த சரக்கை அதனால் கண்டுபிடித்துவிடலாம். ரசீதில் தேதி, டயரின் அளவு, ஒவ்வொரு டயரின் வரிசை எண் மூன்றும் எழுதச் சொல்லி முத்திரை பெறுக. புது டிராக்டர் வாங்குகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: டிராக்டர் கம்பெனியாரின் உத்தரவாதம் பெரும்பாலும் டயரைச் சேராது; டயருக்கு டயர் கம்பெனியார்தான் ஜவாப்தாரி. ஆகையால் வண்டியை ஒப்புக்கொள்ளும் சீட்டிலேயே எல்லா டயர்களின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

டயர் கெட்டுவிட்டால் பஞ்சர் கடையில் வெட்டவோ ஒட்டவோ விடாமல், படம் எடுத்து வைத்துக்கொண்டு, ரசீதுடன் விற்ற கடையில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குத் தேதியிட்ட சீட்டு வாங்குக. தள்ளிவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் பொருத்தமற்றதென்று தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்கும் மேல் தருமபுரியிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி வியாஜ்யத்துக்குக் காரணம் ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. லாப வியாபாரத்துக்காக வாங்கிய பொருளானால் எதிர்க்கட்சியார் ஆட்சேபிப்பார்கள்; ஆனால் சுய உழைப்பால் ஜீவனம் செய்வதற்காக வாங்கித் தாமே உபயோகிப்பவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. வாடகைக்கும் ஓட்டுகிற சிறு குடியானவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள், எழுதத் தெரியாத குடியானவர்களுக்கு மனு எழுத உதவும்போது ரசீது நகல், உத்தரவாதச் சீட்டு, கடைக்காரர் கொடுத்த ஒப்படைப்புச் சீட்டு, கம்பெனியாரின் பதில் ஆகிய நான்கும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து அனுப்பக் கோருகிறேன்.